ஒத்திகை நோயாளி

ஆக்சிலியா இதுவரை எத்தனை முறை செத்துப் பிழைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஏரியூருக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் துப்புரவு வேலை அவளுக்கு. பேரிடர் ஒத்திகை நடத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வரும்போதெல்லாம் ஸ்ட்ரெச்சரில் படுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி, தூக்குகிறவர்களுக்குக் கை வலிக்காது. தீ விபத்தில் கருகியிருக்கிறாள், நிலநடுக்கத்தில் சுவருக்கடியில் சிக்கியிருக்கிறாள். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீருக்குக் குடத்தோடு தவம் கிடக்கிற ஊரில் வெள்ளத்தில் மூழ்கியவளாகவும் ஒருமுறை படுத்திருக்கிறாள், நனையாத புடவையோடு.

அவளுக்கு அதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. ஒருவர் நாடி பிடிப்பார், ஒருவர் நெற்றியில் கை வைப்பார், "என்னம்மா பண்ணுது?" என்று குனிந்து கேட்பார்கள். பொய்க்குக் கேட்டாலும் கேட்கிறார்கள் அல்லவா. வீட்டில் அப்படிக் கேட்க ஆளில்லை.

கணவர் அமல்தாஸ் கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டார். அப்போது ஆக்சிலியாவும் வார்டில்தான் வேலையாக இருந்தாள். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க விடாமல் கவச உடைக்காரர்கள் அவரைக் குழியில் இறக்கினார்கள். அவள் வீடு திரும்பிய அன்று தெரு முழுக்கக் கதவு சாத்தியிருந்தது. அதற்காகத் தெருவைக் குற்றம் சொல்ல அவள் தயாராக இல்லை. எல்லாருக்கும் பயம், அவளுக்கே பயம். பிறகு பயம் போயிற்று, கதவுகள் திறந்தன, பேச்சும் வந்தது. எதிர்வீட்டு பானுமதி காலையில் பால் ஊற்றுவாள், முடியாத நாளில் மகன் பூவரசனிடம் கொடுத்தனுப்புவாள். சாயங்காலம் வந்து, தன் வீட்டுக்காரர் நஞ்சப்பனுக்கு ஆக்சிலியா ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவரும் பிரஷர் மாத்திரையை வாங்கிக்கொண்டு போவாள். போகும்போது ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போவாள். தங்கமானவள்.

ஆனாலும் ஆக்சிலியாவின் மனதில் ஒரு கேள்வி முள்ளாகத் தங்கிவிட்டது. இனி தனக்கு ஒன்று என்றால் யாராவது வருவார்களா? மகள் ஏஞ்சலின் ஓசூரில் இருக்கிறாள். "இங்கயே வந்துரும்மா" என்று போனில் சொல்வாள். அந்த ஒற்றை அறை வீட்டில் தனக்குப் பாய் விரிக்க இடமிருக்காது என்று அம்மாவுக்குத் தெரியும். ஓடிவர வேண்டுமென்றால் தெருதான் வர வேண்டும். இதை யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால், "என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

இந்த ஆண்டு பக்கத்து மாநிலத்தில் ஏதோ புதுக் காய்ச்சல் என்று செய்தி வந்ததும் மறுபடி ஒத்திகைக்கு உத்தரவு வந்தது. சுகாதார ஆய்வாளர் கலைமணி அவளைக் கூப்பிட்டார்.

"ஆக்சிலியாம்மா, இந்தத் தடவ காம்பவுண்டுக்குள்ள வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. உங்க வூட்டுலயிருந்தே தூக்கப் போறோம். நிஜக் காய்ச்சல்னுதான் தெரு நெனைக்கணும். ஜனங்க எப்படி நடந்துக்கறாங்கன்னு பாக்கணுமாம். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்றாதீங்க."

"சரிங்க சார்" என்றாள். கேட்க முடியாத கேள்வியை அரசாங்கமே அவளுக்காகக் கேட்கப் போகிறது.

முதல் நாளே வீட்டைக் கூட்டிக் கழுவினாள். ஆட்கள் ஓடி வந்தால் அலங்கோலமாகக் கிடக்கக் கூடாது. கட்டிலைச் சுற்றி நாலு பேர் நிற்க வேண்டும் என்று மூட்டை முடிச்சை எல்லாம் ஓரங்கட்டினாள். யார் யார் வருவார்கள் என்று படுத்துக்கொண்டே யோசித்தாள். முனைவீட்டு ஆரோக்கியம்மாள் செபமாலையோடு வருவாள். வயதானவள், மெதுவாகத்தான் வர முடியும். முதலில் வருவது பானுமதிதான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வந்து கத்திக் கூப்பாடு போட்டு, "நானும் கூட வர்றேன்" என்று ஆம்புலன்ஸில் ஏறிவிட்டால் என்ன செய்வது, சிரித்துவிடுவேனே என்றுகூடக் கவலைப்பட்டாள்.

காலையில் தெருவில் சைரன் கேட்டது. ஆக்சிலியா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடினாள். வெள்ளைக் கவச உடையில் ஆட்கள் உள்ளே வந்தார்கள். ஒருவர் மருந்து தெளித்தார், ஒருவர் காய்ச்சல் பார்த்தார், ஒருவர் படம் பிடித்தார். அவள் காதை மட்டும் வாசலில் வைத்திருந்தாள்.

முதலில் ஒரு பெண் குரல், பிள்ளையை உள்ளே கூப்பிட்டது. பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம். பிறகு இன்னொன்று. அப்புறம் பானுமதியின் குரல் கேட்டது. ஆக்சிலியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, மாட்ட அவுத்துப் பின்னால கட்டுங்க! பூவரசா, மாஸ்க்க போடுடா, ஜன்னல சாத்துடா!"

தகரக் கதவு தரையில் உரசிக்கொண்டு மூடியது. எதிர்வீட்டுக் கதவுதான் அது, அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

ஸ்ட்ரெச்சரில் வெளியே வந்தபோது கண்ணைத் திறந்து பார்த்தாள். தெருவில் ஒரு கோழிதான் நின்றது. ஏதோ ஒரு ஜன்னல் இடுக்கில் செல்போன் ஒன்று அவளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. ஆரோக்கியம்மாளின் வாசலும் வெறிச்சென்று கிடந்தது. இத்தனை பேர் தூக்கிப் போகையிலும், தன்னந்தனியாகப் போகிறோம் என்று ஆக்சிலியாவுக்குத் தோன்றியது. அமல்தாஸும் இப்படித்தான் போயிருப்பார் என்று நினைத்தபோது அழுகையை அடக்க முடியவில்லை.

"சார், கண்ணுலயிருந்து தண்ணி வருதுங்க. அறிகுறியில அதையும் சேத்துக்கட்டுமா?" என்று கேட்டாள் புதிதாக வந்த நர்ஸ்.

"சேத்துக்கம்மா, நல்லதுதானே" என்றார் கலைமணி.

மதியம் ஆய்வுக் கூட்டம். எல்லாருக்கும் டீயும் போண்டாவும் வந்தன. டாக்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வழக்கமாக ஆம்புலன்ஸ் போனால் ஊரே கூடி வழியை அடைக்கும், இன்று ஒரு ஆள்கூடக் குறுக்கே வரவில்லை, நாம் சொல்லிச் சொல்லி வளர்த்த விழிப்புணர்வு இது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நோயாளியாக நடித்தவருக்கு என்று ஒரு துண்டும் போர்த்தினார்கள். டாக்டர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. தொற்று நோய் என்றால் விலகித்தான் நிற்க வேண்டும். கொரோனாவில் அதைத் தெருத்தெருவாகச் சொன்னவர்களில் ஆக்சிலியாவும் ஒருத்தி. ஜனங்கள் படித்த பாடத்தைச் சரியாகவே ஒப்பித்திருக்கிறார்கள். அப்புறம் ஏன் போண்டா தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது?

ஒரு ஆள் தூரத்தில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்கூடப் போதும். அவள் அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கவில்லை.

சாயங்காலம் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தாள். வாசற்படி நெடுக பிளீச்சிங் பவுடர் வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. ஆத்திரமாக வந்தது. யார் கொட்டியது என்று கேட்டால் யாரும் சொல்லப் போவதில்லை. விளக்குமாற்றை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தாள்.

எதிரே தகரக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. பானுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அக்கா... நீங்களா? அதுக்குள்ள வுட்டுட்டாங்களா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல பானு. அது சும்மா டிரில்லு. எங்க ஆஸ்பத்திரில நடத்துவாங்கல்ல, அது."

"காய்ச்சல் இல்லீங்களா?"

"இல்ல."

பானுமதி கதவை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். ஆக்சிலியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அது நடிப்பு இல்லை. காலையிலிருந்து அழுததில் கண் வீங்கியிருந்தது.

"எனக்கு உசிரே போயிருச்சுக்கா. ஒரு வாய் களி எறங்கல. எங்கக்காவ முழுசா திருப்பிக் குடுத்துருன்னு தீர்த்தமலையானுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வெச்சிருக்கறேன், வேணும்னா வந்து பாருங்க. அவரும் ஒண்ணும் சாப்புடல."

ஆக்சிலியா நம்பினாள். நம்பாமல் இருக்க முடியவில்லை. பிடித்திருந்த கைகள் அவ்வளவு சூடாக இருந்தன. கையை விடுவித்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

பானுமதி மூக்கைச் சிந்திக்கொண்டு உரிமையோடு கோபித்துக்கொண்டாள்.

"ஏங்க்கா, எங்கிட்டகூடவா மறைப்பீங்க? டிரில்லுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா மொத ஆளா நான் ஓடியாந்திருப்பன்ல!"

ஆக்சிலியா அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் சூதுவாது எதுவும் இல்லை.

"அடுத்த தடவ சொல்றேன் பானு."

"ஆமாங்க்கா" என்றாள் பானுமதி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மறக்காம சொல்லிருங்க."