பஸ்ஸை மறித்த தையல்காரி

தையல்காரி தான் தைத்த உடுப்புகளை விற்க இணையத்தில் ஒரு பக்கம் நடத்தினாள். உழைப்பு அவளுடையது, கையில் இருந்த போனும் அவளுடையது. ஆனால் பக்கத்தைத் திறக்கும் ரகசிய எண் மட்டும் கணவரின் போனுக்குத்தான் வரும். "பொம்பளைக்கு எதுக்கு வம்பு, என் நம்பரைப் போடு" என்று அந்த மகாராஜா பக்கம் தொடங்கிய அன்றே சொல்லிவிட்டார். அவர் பஸ் ஓட்டுநர். ஓட்டும்போது போனைத் தொடமாட்டார். அதில் மட்டும் பரம யோக்கியர்.

ஒருநாள் ஒரு பள்ளியிலிருந்து சீருடை தைத்துத் தரக் கேட்டு எழுதினார்கள். மதியத்துக்குள் சம்மதம் சொல்லவேண்டும். அவள் பதில் எழுதுவதற்குள் பக்கம் பூட்டிக்கொண்டு ரகசிய எண்ணைக் கேட்டது. அவள் குறுக்குத் தெருவில் ஓடி, அவருடைய பஸ்ஸை மறித்து ஏறினாள்.

"ஏங்க, நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க!"

"கத்தாதடி, மானம் போகுது. கடைசி ஸ்டாப்புல பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள அது காலாவதி ஆயிடும்ங்க!"

"நீயே எடுத்துக்கோ தங்கச்சி, எங்களுக்கும் நேரமாகுது" என்றார் முன் இருக்கைக்காரர்.

பஸ் நின்றிருக்கும்போதே கணவரின் சட்டைப்பையிலிருந்து போனை உருவினாள். பக்கத்தைத் திறந்தாள், பள்ளிக்குச் சம்மதம் எழுதினாள். கையோடு அவர் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டாள்.

"இனிமே உங்களுக்குத் தொல்லையே இல்லைங்க. என் நம்பரைப் போட்டுட்டேன்."

"அப்ப உனக்கு யார் யார் எழுதுறாங்கன்னு நான் எப்படிப் பாக்குறது?"

பஸ்ஸே காதைத் தீட்டிக்கொண்டது.

"உங்க பஸ்ஸுல யார் யார் ஏறுறாங்கன்னு நான் என்னிக்காவது கேட்டேனா?" என்று சொல்லிவிட்டு, சீருடை வெட்ட இறங்கிப் போனாள்.