டைப்பிஸ்ட் அக்காவின் தலைக்கு மேலே

நம்பாவிட்டால் போங்கள். வாயைத் திறந்தால் பொய் சொல்லியே பிழைத்தவன் நான். ஆனால் இது என் இரண்டு கண்ணாலும் பார்த்தது.

ஏசி காற்று போகும் தகரக் குழாய்களைச் சுத்தம் செய்வது என் வேலை. செய்வதாகப் பேர். ஒரு அலுவலகத்தில் மூன்று வருடமாக வெளியே தெரியும் கிரில் மூடியை மட்டும் துடைத்துவிட்டு, ரிப்போர்ட்டில் வேறு கட்டடத்துப் போட்டோவை ஒட்டி, 'உட்புறம் சுத்தம் செய்யப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டேன். மேனேஜருக்கும் தெரியும். கிரில் பளபளத்தால் அவருக்குப் போதும்.

மூலைக் கிரில்லுக்கு நேர் கீழேதான் டைப்பிஸ்ட் அக்காவின் நாற்காலி. அவருக்கு ஓயாத இருமல்.

"உள்ளயும் துடைச்சீங்களா தம்பி?"

"கண்ணாடி மாதிரி இருக்குக்கா."

அக்கா நம்பினார். அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

பிறகு ஒருநாள், மூச்சுவிட முடியாமல் அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மனசு கேட்கவில்லை. அவர் திரும்பி வருவதற்குள் ஒரு தடவையாவது ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று, விடுமுறை நாளில் தனியாகப் போனேன். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

காலை 11.20. ஏசியை நிறுத்தினேன். ஏணியில் ஏறி முதல் கிரில்லைக் கழற்றினேன். உள்ளே விரல் தடிமனுக்குத் தூசி. சீ... நானெல்லாம் ஒரு மனுஷனா என்றிருந்தது.

லொக்... லொக்...

குழாய்க்குள்ளிருந்து. மூலைப் பக்கம்.

"யாரு?"

சர்ர்ர்... சர்ர்ர்... உள்ளங்கையால் தகரத்தைத் தேய்க்கும் சத்தம்.

11.26. ஏணியை நகர்த்திப் போட்டு மூலைக் கிரில்லைக் கழற்றினேன். சத்தம் நின்றது. டார்ச் அடித்தேன்.

அங்கே மட்டும்... ஒரு பொட்டுத் தூசி இல்லை. தகரத்தில் என் முகம் தெரிந்தது.

தூசி தொடங்கும் ஓரத்தில் ஐந்து விரல் தடம்.

ஒரு அடி அகலக் குழாய் அது. பூனைதான் நுழையலாம்.

லொக்...

என் காதுக்குப் பக்கத்தில்.

எப்படி இறங்கினேன், எப்படித் தெருவுக்கு வந்தேன் என்று தெரியாது.

மறுநாள் மேனேஜர் போன் செய்தார். அக்கா போய்விட்டாராம். முந்தின நாள் காலை ஒன்பது மணிக்கு.

"இந்த வருஷ ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டு சீக்கிரம் அனுப்பிடு. யாராவது கேப்பாங்க."

நல்ல மனுஷன்!

துக்கம் விசாரிக்கப் போனேன். அக்காவின் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பதினெட்டு நாளா படுக்கைய விட்டு எந்திரிக்கவே இல்ல தம்பி. கடைசியா குளிப்பாட்டும்போதுதான் பாத்தோம்... ரெண்டு கை நகத்துலயும் கருப்புத் தூசி. மூணு தடவ கழுவியும் போகல. ஆஸ்பத்திரில அவ்வளவு தூசி ஏதுங்க?"

"தெரியலண்ணே" என்றேன்.