இடது விங்கில் அகஸ்ரின்

தொண்ணூற்றாறாம் ஆண்டு வரைக்கும் விண்மீன் விளையாட்டுக் கழகத்தின் இடது விங் என்றால் அது அகஸ்ரின்தான். தீவுப்பகுதியிலிருந்து புலம்பெயர்ந்து வந்தவர்கள், ஊரில் இருந்ததை ஸ்காபரோவில் திரும்பத் தொடங்கிய கழகம் அது. மோர்னிங்சைட் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கோடைச் சனிக்கிழமைகளில் உதைபந்து விளையாடுவார்கள். அகஸ்ரின் எல்லைக்கோட்டை ஒட்டிக்கொண்டு ஓடுவான். மறிக்க வருகிறவனைத் தோளை ஒருக்கால் அசைத்தே வேறு பக்கம் அனுப்பிவிட்டு, கோலுக்கு முன்னால் பந்தைத் தூக்கிப் போடுவான். நடுவில் நிற்கிறவன் தலையைக் கொடுத்தால் போதும்.

மைதானத்துக்கு வெளியே ஆள் சத்தமில்லாதவன். ஒஷாவாவில் கார்ச் சாமான் களஞ்சியம் ஒன்றில் பாரம் தூக்கும் போர்க்லிஃப்ற் வண்டி ஓடினான். கலியாணம் கட்டி இரண்டு வருடம். அவனும் மனைவி செலீனும் மல்வேர்னில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள்.

தொண்ணூற்றேழில் ஆட்டம் மாறியது. முதல் நாளே தன்னிடம் வந்த பந்துகளை விட்டான். பந்து காலுக்குக் கிட்ட வந்தபிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினான். அடுத்த ஆட்டத்தில் இடைவேளையோடு அவனை வெளியே எடுத்துவிட்டார்கள். பிறகு கடைசிக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் இறக்கினார்கள். சில கிழமை அதுவும் இல்லை. அவனுடைய இடத்தில் கிருபன் ஓடினான். இங்கேயே படித்து வளர்ந்தவன், நல்ல வேகம்.

ஆட்டம் முடிந்தால் ஆதரவாளர்கள் பக்கத்துப் பிளாசாவில் இருந்த கோப்பிக்கடைக்குப் போவது வழக்கம். மேசைகளை இழுத்து ஒன்றாகப் போட்டுவிட்டு, விளையாடின நேரத்தைவிடக் கூட நேரம் விளையாட்டைப் பற்றிக் கதைப்பார்கள். அந்தக் கோடை முழுக்க அங்கே ஒரே கதைதான். அகஸ்ரினுக்கு என்ன நடந்தது? அவனை இறக்குவதா, கோட்டுக்கு வெளியே வாங்கில் இருத்துவதா?

நவரட்ணம் ஊரில் கோல் காத்தவர். குரலும் பெரிது. கலியாணச் சாப்பாட்டில் ஆள் உடம்பு வைத்துவிட்டான் என்பது அவருடைய தீர்ப்பு. ஓவர்டைம் செய்து கால் செத்துப்போச்சு என்றார் இன்னொருவர். முந்தின வருடம் கணுக்காலில் பட்ட அடிக்குப் பிறகு பயந்து ஒதுங்குகிறான் என்பது வேறொரு கட்சி. எல்லாரையும் தனியே நின்று மறுத்தவர் அன்புராசா. டாக்சி ஓடுகிறவர். வாழ்நாளில் ஒரு பந்தை ஒழுங்காக உதைத்ததில்லை, ஆனால் அகஸ்ரின் விளையாடுகிற நாளில் டாக்சியை எடுக்கமாட்டார். பிழை அவனில் இல்லை, நடுவில் நிற்கிறவர்கள் பந்தை நேரத்துக்குக் கொடுப்பதில்லை என்று வாதாடினார். ஆட்டம் முடிகிற நேரத்தில் இறக்கிவிட்டால் எந்த விங்கருக்கும் உடம்பு சூடாகாது, முழு ஆட்டம் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கதையுங்கோ என்பார்.

பல நாட்களில் அகஸ்ரினும் அதே மேசையில்தான் இருந்தான். தன்னைப் பற்றி நடக்கும் வழக்கை யாரோ மூன்றாம் ஆளுடையதைப்போலக் கேட்டுக்கொண்டிருப்பான். அவனுக்குக் கோபம் வரவில்லை. தனக்கு என்ன நடக்கிறதென்று அவனுக்கும் தெரியாது. இவர்களில் யாருக்காவது தெரிந்திருக்கக்கூடும் என்று நினைத்தான். அதனால் ஒவ்வொருவர் சொன்னதையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்து பார்த்தான். சோற்றைக் குறைத்தான். ஓவர்டைமை விட்டான். விடியற்காலையில் எழும்பி வீதியில் ஓடினான். புதுச் சப்பாத்து வாங்கினான். உடம்பு இளைத்தது, கால் முன்னரைவிட உறுதியாக இருந்தது. பந்து மட்டும் முன்போலவே எங்கிருந்தோ திடீரென்று வந்து, அவனைத் தாண்டிப் போனது.

வீட்டிலும் சில விஷயங்களைச் செலீன் கண்டாள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டான். மேசையில் இருந்த தண்ணிக் கிளாசுகளைத் தட்டி விழுத்தினான். பக்கத்தில் நின்று அவள் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினால் வாங்காமல் பேசாமல் இருந்தான். விளையாட்டு யோசனையில் இருக்கிறான் என்று விட்டுவிட்டாள்.

விண்மீன் அரையிறுதிக்கு வந்தது. அணியைத் தெரிவு செய்கிறவர் அமிர்தநாதர். வயதில் மூத்தவர், அதிகம் கதைக்காதவர். அன்புராசா அவருடைய வீட்டுக்கே போய் வரவேற்பறையில் குந்திவிட்டார்.

"அண்ணை, ஒரே ஒரு முழு ஆட்டம் குடுங்கோ. அவன் சரிவரேல்லையெண்டால் பிறகு நான் வாய் திறக்கமாட்டன்."

அமிர்தநாதர் முதலில் தலையாட்டவில்லை. அவருடைய மனிசி தேத்தண்ணியோடு வந்து, பாவம், ஒருக்கால் விட்டுப் பாருங்கோவன் என்று சொன்னபிறகுதான் இறங்கி வந்தார். அகஸ்ரின் இடது விங். கிருபன் அவனுக்கு உள்பக்கம்.

முதல் பாதியில் அன்புராசாவின் சொல் பலித்ததுபோல் இருந்தது. பந்து காலில் இருக்கும்வரை அகஸ்ரின் பழைய அகஸ்ரின்தான். ஒருமுறை கோர்ணர் வரை கொண்டுபோய்த் தூக்கிப் போட்டான்; கோல் கம்பத்தில் பட்டு வெளியே போனது. கோட்டோரம் நின்ற சனம் கத்தியது. அன்புராசா நவரட்ணத்தைத் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாம் பாதியில் உயரமாக ஒரு பந்து இடப்பக்கம் வந்தது. அகஸ்ரின் அதையே பார்த்துக்கொண்டு ஓடினான். அவனுக்கு வலப்பக்கத்திலிருந்து கிருபனும் அதற்கு வந்தான். தான் எடுப்பதாகக் கிருபன் சத்தம் போட்டது கோட்டோரம் நின்ற எல்லாருக்கும் கேட்டது. அகஸ்ரின் நிற்கவில்லை, வேகத்தைக் குறைக்கவும் இல்லை. இரண்டு பேரும் மோதி விழுந்தார்கள். அகஸ்ரின் எழும்பினான். கிருபன் எழும்பவில்லை. தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. அம்புலன்ஸ் மைதானத்துக்குள் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. ஆட்டத்திலும் விண்மீன் தோற்றது.

அன்று கோப்பிக்கடையில் உடம்பைப் பற்றியோ ஓவர்டைமைப் பற்றியோ யாரும் கதைக்கவில்லை. தன்னுடைய இடத்தைப் பிடித்தவனை அகஸ்ரின் வேண்டுமென்றே இடித்துப்போட்டான் என்றார் நவரட்ணம். கண்ணுக்கு முன்னால் வந்தவனை எப்படிக் காணாமல் விடுவான் என்று கேட்டார். அன்புராசாவும் அதைப் பார்த்தவர்தானே. கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அந்தக் கதை அடுத்த நாள் மாதா கோயிலில் பூசை முடிந்து நின்ற இடத்தில் செலீனின் காதுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் அவனிடம் நேரே கேட்டாள்.

"நான் அவனைக் காணேல்லை" என்றான் அகஸ்ரின்.

"பக்கத்திலதானே வந்தவன்."

"காணேல்லை செலீன். சத்தம் கேட்டது. எந்தப் பக்கமெண்டு பிடிபடேல்லை."

செலீன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவனை இருத்தினாள். சுவரில் இருந்த மணிக்கூட்டையே பார்க்கச் சொன்னாள். தான் பின்னால் நின்று, கையை அவனுடைய காதுப் பக்கமிருந்து மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்தாள்.

"கை தெரிஞ்சவுடன சொல்லுங்கோ."

கை காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. அவன் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தான். அவளுடைய விரல்கள் ஏறக்குறைய மூக்குக்கு முன்னால் வந்தபிறகுதான் ஓம் என்றான். மற்றப் பக்கமும் அப்படியே. அவள் கையை இறக்காமல் நின்றதைக் கண்டு, சரியாகச் சொன்னேனா என்று கேட்டான்.

நகர நடுவில், டவுன்ரவுனில், கண் டாக்குத்தர் பல நாள் பரிசோதித்தார். நல்ல மனிதர், அவசரப்படாமல் விளங்கப்படுத்தினார். கண்ணின் பின்பக்கத்துச் சவ்வு ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் செத்துக்கொண்டு வருகிறது. பிறப்போடு வந்த வருத்தம், அடிபட்டதாலோ வேலையாலோ வந்ததல்ல. மருந்து இல்லை, ஒப்பரேஷனும் இல்லை. பார்வை இன்னும் சுருங்கும், எவ்வளவு கெதியில் என்று யாராலும் சொல்ல ஏலாது. கார் ஓடக்கூடாது, போர்க்லிஃப்ற்றும் ஓடக்கூடாது. அகஸ்ரின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தான் என்ன செய்யவேண்டும் என்றான். சாப்பாடோ பயிற்சியோ ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தான். செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்குத்தர்.

அவன் முதலில் போனது கிருபனிடம். கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணியில் கட்டிக்கொண்டு சோபாவில் இருந்த கிருபன், அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டான். "இற்ஸ் ஓகே அண்ணா" என்றான். ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

சனிக்கிழமை அன்புராசா தன்னுடைய டாக்சியில் அவனைக் கோப்பிக்கடைக்குக் கூட்டிப்போனார். அகஸ்ரின் நின்றபடியே சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான். நவரட்ணம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்தார். பிறகு எழும்பி வந்து அவனுடைய கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர், இந்தியாவில் இதற்கென்று ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதாம் என்று தொடங்கினார். இங்கே இல்லாததா அங்கே இருக்கப்போகிறது என்றார் இன்னொருவர். தலைக்கு எண்ணெய் வைக்கிற ஒரு வைத்தியரைப் பற்றி ஒருவர் சொன்னார். கண் வருத்தத்துக்குக் கும்பிடுகிற புனிதை லூசியம்மாளுக்கு நேர்த்தி வைக்கச் சொன்னார் வேறொருவர். ஒருவருக்கொருவர் மறுத்தார்கள், குரல்கள் உயர்ந்தன. எப்படியாவது ஒரு வழி இருக்கவேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. அகஸ்ரின் முன்னைப்போலவே அமைதியாகக் கேட்டான். ஆனால் இந்த முறை எதையும் மனதில் எடுத்துவைக்கவில்லை.

"காணும், விடுங்கோ" என்றார் அன்புராசா கடைசியில். பிறகு அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டார். வீட்டு வாசலில், தான் அமிர்தநாதரிடம் போய்க் கேட்டிருக்கக்கூடாது என்றார். அகஸ்ரின் இல்லையென்று தலையாட்டினான். அந்த முதல் பாதியை நினைத்துக்கொண்டுதான் இப்போது நித்திரைக்குப் போவதாகச் சொன்னான். அன்புராசா ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி அழுதார்.

களஞ்சியத்தில் அவனைப் பெட்டி ஒட்டுகிற மேசைக்கு மாற்றினார்கள். கூட வேலை செய்த ஒருவருடைய காரில் கொஞ்சக் காலம் போய் வந்தான். அவர் வேறு ஷிவ்ற்றுக்கு மாறியதும் செலீன் கார் பழகத் தொடங்கினாள். அதுவரை ஸ்ரியரிங்கைத் தொடவே பயந்தவள். லைசென்ஸ் சோதனையில் இரண்டு முறை தவறி, மாசி மாதக் குளிரில் மூன்றாம் முறை பாஸ் பண்ணினாள்.

முதல் நாள் அவனை ஒஷாவாவுக்கு அவளே ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டாள். குடியிருப்பு வளவிலிருந்து பெருவீதிக்கு ஏறும் இடத்தில் பனி குவிந்து கிடந்தது.

"உங்கட பக்கம் ஏதும் வருதே?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

அகஸ்ரின் முழுத் தலையையும் திருப்பிப் பார்த்தான். கண்ணாடிக்கு அப்பால் ஒரு துண்டு வீதி தெரிந்தது. அதை விட்டுக் கண்ணை எடுத்தால் இன்னொரு துண்டு.

"எனக்குச் சொல்லத் தெரியேல்லை செலீன். நீர் பாரும்."

அவள் முன்னுக்குச் சரிந்து, அவனுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. வீதி இரண்டு பக்கமும் வெறுமையாகும் வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இருந்துவிட்டு, பிறகு மெதுவாகத் திருப்பினாள்.