நடுவாசல் வழியாகப் போன அப்பா

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்காக அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கள் ஊர் மாதா கோயிலைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லும்போது சிலருக்கு முகம் சுளிக்கும். சுளிக்கட்டும்.

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே உள்ள எங்கள் ஊரின் கீழத்தெருவில், நிலமற்ற கூலிக் குடும்பத்தில் அப்பா பிறந்தார். பழைய கோயிலுக்குச் சுண்ணாம்புக்கல் உடைத்துச் சுமந்தவர்களில் அப்பாவின் தாத்தாவும் ஒருவர். கட்டி முடித்ததும், சுமந்தவர்களுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன வாசலையும் தனி இடத்தையும் ஒதுக்கினார்கள். நடுவில் உள்ள பெரிய வாசல், கல் சுமக்காத பெரிய தெருக் குடும்பங்களுக்கு.

அப்பாவின் திருமணத்தன்று, விக்கிரமங்கலத்திலிருந்து வந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பெரிய வாசலில் ஏறினார். வாசலில் நின்ற கோயில் நிர்வாகி மறித்தார்.

"எங்கடா போற? ஒங்க வாசல் அந்தப் பக்கம்ல."

"இந்த வாசலும் எனக்குத் தெரியும்ங்க. எங்க தாத்தா கல்லு சொமந்தது."

அப்பா நேராக நடந்து பீடத்தின் முன்னால் போய் நின்றார். முன்வரிசைக் குடும்பங்கள் எழுந்து வெளியேறின. அவர்களுடைய பக்தி அவ்வளவுதான். சாமியார் மட்டும் தாலியை ஆசீர்வதித்துக் கொடுத்துவிட்டார்.

அதன்பிறகு ஊரில் எவரும் அப்பாவை வேலைக்குக் கூப்பிடவில்லை. தினமும் பஸ் ஏறிப் பெரம்பலூர் போய்க் கொத்து வேலை கற்றார். மேஸ்திரியாகத் திரும்பியவரைத்தான், கோயில் மேல்தளம் ஒழுகியபோது அதே குடும்பங்கள் அழைத்தன. கூச்சமே இல்லாமல் அழைத்தன. அப்பாவும் போனார். முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு விரிசலையும் அவரே அடைத்தார்.

ஆறு வருடங்களுக்கு முன்பு கட்டடக் கமிட்டி ஒன்று முளைத்தது. அதன் தலைவர், அன்று வாசலில் மறித்தவரின் மகன். கோயில் இடிந்து விழப்போகிறது என்றார்கள். அப்பா கூட்டத்துக்குப் போய், "செவுரு கெட்டியா இருக்குதுங்க. உத்தரம் ரெண்டு மாத்துனா போதும்" என்றார்.

"மேஸ்திரி, நீங்க பூசுறதோட நிறுத்திக்கங்க" என்றார் தலைவர். கூட்டம் சிரித்தது.

விழப்போவதாகச் சொன்ன சுவரை இடிக்க இயந்திரத்துக்கு ஒரு வாரம் ஆனது. அப்பா ஒரு நாளும் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. புதுக்கோயில் எழுந்தது. வாசலில் கருங்கல் பலகை வைத்தார்கள். கமிட்டிக்காரர்கள் பெயர், அவர்கள் மனைவியர் பெயர், படிக்கிற பிள்ளைகள் பெயர்கூட அதில் இருக்கிறது. கல் சுமந்தவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. இவர்கள்தான் திறப்பு விழாவில் 'முன்னோரின் தியாகம்' என்று மைக்கில் தழுதழுத்தார்கள்.

முதல் ஐப்பசி மழையிலேயே பீடத்தின் மேல் தண்ணீர் கொட்டியது. எங்கள் வீட்டுக்கு ஆள் வந்தது. "போகாதீங்கப்பா" என்றேன்.

"கமிட்டிக்காரன் மேலயா ஒழுவுது? பூசைக்கு வர்ற சனம்தாம்மா நனையுது" என்று சொல்லிவிட்டுக் கொத்துக்கரண்டியை எடுத்துக்கொண்டு போனார். என்னால் அவரைப்போல் இருக்க முடியாது. முயற்சியும் செய்யவில்லை.

பிறகு அவருக்கு நெஞ்சில் நோய் கண்டது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்தார். கமிட்டியிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அடக்கத்தன்று மட்டும் மாலையோடு வந்த தலைவர், "ரெண்டு வார்த்தை பேசிடுறேம்மா" என்றார்.

"வேண்டாங்க. உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த கீழத்தெரு உறவுகளுக்கும், கல்லறையைத் தங்கள் கையால் கட்டிய அப்பாவின் கொத்தனார் தோழர்களுக்கும், தினமும் சோறு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. இந்த மலருக்குக் கமிட்டித் தலைவர் ஓர் இரங்கல் செய்தியும் தம் படமும் அனுப்பியிருந்தார். இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டேன். அவை வரவேண்டிய பக்கத்தில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்கும் படம் இருக்கிறது.