அரிசி களைகையில் லெக்சிங்டன்

அரிசி களையும்போது ஜெபராணியின் உதடுகள் அசையும். முதல் தண்ணீருக்கு லெக்சிங்டன், இரண்டாம் தண்ணீருக்கு கன்கார்ட், மூன்றாம் தண்ணீருக்கு பங்கர் ஹில். மூன்றையும் சொல்லி முடித்த பிறகுதான் அரிசி குக்கருக்குள் போகும். வெஸ்ட் வின்ட்சரில் அந்த அடுக்களைக்கு வந்துபோன பெண்கள் அதை ஜெபம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளும் இல்லையென்று சொன்னதில்லை. யாரையும் மறுத்துப் பேசும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அமெரிக்கர்கள் பிரிட்டிஷ் ராஜாவை எதிர்த்து எழுந்தபோது, 1775இல், முதன்முதலாக நடந்த சண்டைகளின் பெயர்கள் அவை. எட்டாம் வகுப்போடு நின்றுபோனவள் அவற்றை நெட்டுருப் போட்டது மகளுக்காக.

ஜெபராணி மெஞ்ஞானபுரத்துக்காரி. இருபத்தாறு வயதில் முதல் கணவனைப் பறிகொடுத்தாள். லாரி மோதிய உடம்பைக் கொண்டுவந்து வாசல்படியில் இறக்கினார்கள். அப்போது மகள் ஆன்லினுக்கு நாலரை வயது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை பார்த்தாள். 1996இல் சபைப் போதகர் மூலம் ஒரு சம்பந்தம் வந்தது. சுந்தர்சிங், மனைவியை இழந்தவர், நியூ ஜெர்சியில் மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அமெரிக்கக் குடிமகன். பெண் பார்க்க வந்த அன்றே அவர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார்.

"இங்கேரு, உன் மவளுக்கு என் பேர்ல பேப்பர் போட மாட்டேன். எம் புள்ளைங்க ஒத்துக்க மாட்டாங்க. நீ சிட்டிசன் ஆனப்புறம் நீயே கூப்பிட்டுக்கோ. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். குறுக்கேயும் நிற்கவில்லை, கூடவும் நிற்கவில்லை. பதினாறு வயது ஆன்லின் அத்தை வீட்டில் தங்கினாள். ஜெபராணி விமானம் ஏறினாள்.

கிரீன் கார்டோடு மகளை அழைத்தால் வரிசை வருஷக்கணக்கில் நீளும். சிட்டிசன் ஆகிவிட்டால் வரிசையே கிடையாது. ஆனால் மகளுக்கு இருபத்தொன்று முடிவதற்குள் விசா கைக்கு வந்துவிட வேண்டும். ஆன்லின் பிறந்தது 1979 அக்டோபர் இருபது. அப்படியானால் 2000 அக்டோபர் வரை நேரம் இருக்கிறது. இந்தக் கணக்கை ஜெபராணி யாரிடமும் எழுதி வாங்கவில்லை. தாய்க்குத் தெரியாத தேதியா?

சிட்டிசன் ஆக ஒரு தேர்வு உண்டு. அதிகாரி எதிரே உட்கார்ந்து இந்த நாட்டுச் சரித்திரத்தில் கேள்வி கேட்பார், ஆங்கிலத்தில் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பர்வதம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அவள் மகள் மாளவிகா பள்ளிக்கூடம் விட்டதும் ஜெபராணியிடம்தான் வருவாள். ஐந்தாம் வகுப்பில் அவளுக்கு அந்த வருஷம் சுதந்திரப் போர்தான் பாடம். தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே ஜெபராணி கேட்பாள், தின்றுகொண்டே அவள் சொல்வாள்.

"லெக்சிங்டன்ல ஒரு கிராஸ் கிரவுண்ட், ஆன்ட்டி. செவன்ட்டி சம்திங் ஃபார்மர்ஸ் நிக்கறாங்க. அந்தப் பக்கம் ரெட்கோட்ஸ், பிரிட்டிஷ் சோல்ஜர்ஸ், செவன் ஹண்ட்ரட்!"

"எழுநூறு பேரா? அப்ப இவங்க வீட்டுக்குப் போவ வேண்டியதுதான?"

"போகத்தான் ஸ்டார்ட் பண்ணாங்க. அப்போ சம்படி ஃபயர் பண்ணிட்டாங்க."

"யாரு?"

"நோபடி நோஸ், ஆன்ட்டி. இன்னிக்கு வரைக்கும். எய்ட் பீப்பிள் டெட். அதுல ஒருத்தர் தவழ்ந்து தவழ்ந்து அவரோட வீட்டு டோர்ஸ்டெப் வரைக்கும் வந்து, வைஃப் முன்னாடியே செத்துட்டார்னு எங்க டீச்சர் சொன்னாங்க."

தோசைக்கல் புகைந்தது. ஜெபராணி திருப்பிப் போடவில்லை.

"அந்தம்மா பேரு என்ன?"

"புக்ல இல்லயே."

"அப்புறம் என்ன ஆனா?"

"ஆன்ட்டி, தட்ஸ் நாட் ஆன் த டெஸ்ட்!"

அன்றிலிருந்துதான் அரிசி களையும்போது அந்தப் பெயர்கள் வாயில் வந்தன. லெக்சிங்டனுக்கு அடுத்துப் பாலத்தருகே கன்கார்ட். இரண்டும் ஒரே நாளில். இரண்டு மாதம் கழித்து பங்கர் ஹில். சோபாவிலிருந்து சுந்தர்சிங் எட்டிப் பார்ப்பார். "என்ன, சோறு பொங்கிட்டு சண்டைக்குப் போறியா?"

1999 நவம்பரில் முதல் நேர்காணல். அதிகாரி வெள்ளைக்காரப் பெண்மணி, தலை நரைத்தவர், சிரித்த முகம். எளிதிலும் எளிதான கேள்வியைக் கேட்டார். சுதந்திரப் போரில் நாங்கள் யாரோடு சண்டை போட்டோம்?

ஜெபராணிக்கு எல்லாம் தெரியும். எட்டுப் பேர் செத்தது தெரியும், வாசல்படிவரை வந்தவனைத் தெரியும். 'இங்கிலாந்து' என்ற ஒரு சொல் மட்டும் வெளியே வரவில்லை. அதிகாரி பொறுமையாக இரண்டாம் முறை கேட்டார், மூன்றாம் முறையும் கேட்டார். ஜெபராணி மேசைமேல் இருந்த சின்னக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு வாய்ப்பு உண்டு. ஏப்ரல் பத்தாம் தேதி வரச்சொல்லிக் கடிதம் வந்தது. இந்தத் தடவையும் வாய் அடைத்துப்போனால் முதலிலிருந்து மனுப்போட வேண்டும்.

"பர்வதம், ரெண்டு மாசம் தள்ளிக் கேக்க முடியுமா? இன்னும் கொஞ்சம் பேசிப் பழகிக்கிடுதேன். அக்டோபர் வரைக்கும் டைம் இருக்குல்லா."

"நிச்சயமா டைம் இருக்காக்கா?"

"இருக்கு."

பர்வதம் எழுதிப் போட்டாள். தேதி ஜூன் பதினாலுக்கு மாறியது. அந்த இரண்டு மாதமும் மாளவிகா சாப்பாட்டு மேசையில் அதிகாரியாக உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஜெபராணியை விரட்டினாள். ஜூன் பதினாலாம் தேதி அதே நரைத்த பெண்மணி, அதே கேள்வி. "இங்கிலாந்து!" பக்கத்து அறைக்கே கேட்டிருக்கும். அதோடு நில்லாமல் லெக்சிங்டன், கன்கார்ட், எட்டுப் பேர் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அதிகாரி சிரித்துவிட்டு, போதும் போதும் என்று கை காட்டினார்.

ஜூலையில் சத்தியப் பிரமாணம். மறு சனிக்கிழமை பகலில் பர்வதம், கிரீன் கார்டை வைத்து ஆன்லினுக்காகப் போட்டிருந்த பழைய மனுவின் நகலோடு வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆன்லினின் பாஸ்போர்ட் நகலைப் பார்த்து அவள்தான் கட்டங்களை நிரப்பியிருந்தாள். காட்டிய இடத்தில் ஜெபராணி கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"அக்கா, ஆன்லின் பர்த்டே எப்போ?"

"அக்டோபர் இருபது."

"பாஸ்போர்ட்ல மே இருபதுன்னு இருக்கே?" பர்வதம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டைப் பண்றப்ப தப்பு பண்ணிருப்பாங்க. ஸ்கூல் சர்டிஃபிகேட் இருக்கும்ல? அத வச்சு கரெக்ட் பண்ணிடலாம்."

பள்ளிக்கூடம் என்றதும், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஜெபராணி குழாயை மூடினாள்.

1984 ஜூன். கணவன் செத்து இரண்டு மாதம். ஆஸ்பத்திரியில் வேலை தருகிறோம், பிள்ளையைக் கூட்டிவரக் கூடாது என்றார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். தலைமையாசிரியை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எப்பம்மா பிறந்தா?" என்றார். வாழ்நாளில் அவள் கூசாமல் வாய் திறந்து சொன்ன பொய் அது ஒன்றுதான். "மே இருபது, டீச்சர்." எத்தனையோ பேர் செய்கிற காரியம். டீச்சரும் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டார். மறு வாரமே அவள் அதை மறந்துபோனாள். பள்ளிக்கூடப் பதிவேடு மறக்கவில்லை; அந்தத் தேதி அதிலிருந்து பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் போய், அங்கிருந்து பாஸ்போர்ட்டுக்கு வந்திருந்தது.

"ஞானஸ்நான ரெஜிஸ்டர்ல அக்டோபர்னுதான் இருக்கும்" என்றாள்.

பர்வதம் வக்கீலைத் தொலைபேசியில் பிடித்துப் பேசினாள். பாஸ்போர்ட்டை மாற்றப் பள்ளிக்கூடப் பதிவை மாற்ற வேண்டும், அதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டும், வருஷம் ஆகும். அக்டோபருக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. காகிதத்தின்படி ஆன்லினுக்கு இருபத்தொன்று முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. இனி வரிசைதான்.

"நவம்பர்லயே கிளியர் ஆகியிருந்தா... அட்லீஸ்ட் ஏப்ரல்ல போயிருந்தா, ஓடிப் பிடிச்சிருக்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டுப் பர்வதம் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

லெக்சிங்டனில் முதல் குண்டைச் சுட்டது யார் என்று யாருக்கும் தெரியாதாம். தன் விஷயத்தில் ஜெபராணிக்கு எல்லாம் தெரியும், எந்த மாதம், எந்த அறை, யார் வாய் திறந்தது என்று. வாய் திறக்க வேண்டிய அறையில் திறக்காததும் தெரியும்.

மறுநாள் காலை மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப எனக்கு இருபத்தொண்ணு ஆயிட்டாம்மா?"

"பேப்பர்ல ஆயிட்டு."

"ஏப்ரல்ல ஏம்மா போவல?"

"பயமா இருந்துச்சுடா."

"அத்தை சாத்தான்குளத்து மாப்பிள்ளைய எனக்காவ ஆறு மாசம் நிறுத்தி வச்சிருக்காங்க. இன்னும் ரெண்டு வருசம், மூணு வருசம்னு இந்த வீட்டுல என்னால உக்காந்திருக்க முடியாதும்மா." பிறகு, குரலை இறக்கி, "உங்கள நான் குத்தம் சொல்லல" என்றாள். அதுதான் ஜெபராணிக்குத் தாங்கவில்லை.

"கல்யாணம் ஆயிட்டா வரிசை இன்னும் பின்னால போயிரும்டா."

"போவட்டும்மா."

செய்தியைக் கேட்ட சுந்தர்சிங் பேப்பரை மடித்து வைத்தார். எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். நாலு வருஷத்தில் அவர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது அன்றுதான்.

2001 ஜனவரியில் கல்யாணம். ஜெபராணி இரண்டு வாரம் போய்வந்தாள். மெஞ்ஞானபுரத்துக் கோயிலில் மணப்பெண்ணுக்கு முக்காட்டைச் சரிசெய்தது அத்தை, பக்கத்தில் நின்றதும் அத்தை. ஜெபராணி இரண்டாம் வரிசையில் இருந்தாள். ஆராதனை முடிந்து பதிவேட்டை விரித்து, போதகர் மணப்பெண்ணிடம் பிறந்த தேதி கேட்டார்.

"மே இருபது" என்றாள் ஆன்லின். தாயின் பக்கம் அவள் திரும்பவில்லை. சொல்லிப் பழகிய தேதி, அவ்வளவுதான்.

இப்போது 2001 ஆகஸ்ட். ஆன்லின் சாத்தான்குளத்தில் கணவன் வீட்டில் இருக்கிறாள், ஐந்து மாதம் கர்ப்பம். அவள் பெயரிலுள்ள மனு கல்யாணமான பிள்ளைகளின் வரிசைக்கு மாறிவிட்டது. எத்தனை வருஷம் ஆகும் என்று வக்கீல் சொல்லவில்லை. மாளவிகா மிடில் ஸ்கூலுக்குப் போய்விட்டாள், தோசைக்கு வருவதில்லை. ஜெபராணி அமெரிக்கக் குடிமகள். வெஸ்ட் வின்ட்சரில் இருக்கிறாள், இரண்டு பேருக்குச் சோறு வைக்கிறாள், அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் களைகிறாள்.