அடி விழும் முன்பே செத்த ராஜா

ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில், சிடாம் கிரி ரப்பர் தோட்டத்துத் திருவிழாவுக்கு நாடகம் போட்டோம். மண்ணெண்ணெய் கிடைக்காததால் பட்டப்பகலில். நான் கொடுங்கோல் ராஜா. என்னை எதிர்த்துப் பேசிக் குத்திக் கொல்லும் குடியானவன், என் மச்சான் வேலு.

பாதியில் ஜப்பான் அதிகாரி ஒருவன் தமிழ் தெரிந்த ஆளோடு வந்து முன்னால் உட்கார்ந்தான். அடுத்து வேலு, “ஊரான் மண்ணை ஆள நீ யார்?” என்று கேட்க வேண்டும். கேட்டால் அவனுக்கு, போனவர் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைதான், எனக்கும்தான். சிம்மாசனத்தை விட்டு ஓட முடியுமா? வேலு வாயைத் திறந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்து விழுந்தேன்.

அதிகாரி மேடையேறி பூட்சால் என் விலாவை நெம்பினான். மூச்சை அடக்கிக் கிடந்தேன். சிரித்துவிட்டுப் போனான்.

“என்ன மச்சான், நான் இன்னும் குத்தவே இல்லையே லா,” என்றான் வேலு.

“பயத்துலயே செத்துட்டேன்டா.”

அதற்குப் பிறகு அந்த அதிகாரி விறைப்பாக நடந்து போகும்போதெல்லாம், இவனுக்கு யாரைக் கண்டு கால் நடுங்குமோ என்று யோசிக்க ஆரம்பித்தேன்.