கண்டியிலிருந்து நிந்தவூருக்கு: பெண் கேட்டுப் போன வழி

கிழக்குக் கரைக்குப் போக எது நல்ல காலம் என்று கேட்பவர்களிடம் ஜனவரிக் கடைசி என்றுதான் எப்போதும் சொல்வேன். மழை விட்டிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படியொரு ஜனவரியில்தான் நான் போனேன். வெளிநாட்டுச் சேவையில் தூதரக வேலைக்குத் தெரிவாகி, முதல் நியமனத்துக்குப் புறப்படச் சில வாரங்களே இருந்தன. அதற்குள் நிந்தவூருக்குப் போய்ப் பெண் கேட்க வேண்டும். அவர்கள் மறுத்தால் தனியாகத்தான் விமானம் ஏற வேண்டும்.

பெண்ணின் பெயர் நபீஸா, பள்ளிக்கூட ஆசிரியை. எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிறகு நான் ஒரு வெளிநாட்டு உதவி அமைப்பில் சேர்ந்து, கல்முனைப் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். வீடிழந்த தன் சாச்சிக்காக, அதாவது சித்திக்காக, அலுவலகத்துக்கு வந்தவள், புது வீட்டை ஏன் சாச்சாவின் பெயரில் எழுதினீர்கள் என்று சண்டை பிடித்தாள். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். பெயரை மாற்றிக் கொடுத்தேன். சண்டை தீர்ந்தது, அவள் நினைப்பு மட்டும் தீரவில்லை. ஆனால் அந்த வழக்கம் எனக்கும் பொருந்தும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

என் ஊரான மாவனல்லையில் என் மூத்த சகோதரரைக் கூட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் நானா என்போம். கண்டியில் விடியற்காலை கல்முனை பஸ். தூரம் இருநூறு கிலோமீற்றருக்குக் கிட்ட, போய்ச் சேர மாலையாகிவிடும். மகியங்கனை இறக்கத்தில் பதினெட்டு வளைவுகள் உண்டு, வெறும் வயிற்றோடு ஏறுவது நல்லது. நானா பராட்டா சாப்பிட்டுவிட்டு ஏறினார், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

மகா ஓயாவுக்கு அப்பால் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது பஸ் பச்சைக்குள் போய்க்கொண்டிருந்தது. சம்மாந்துறை வயல்கள். கதிர் தள்ளிய நெல் இரண்டு பக்கமும் மெல்ல அசைய, வெகு தூரத்துப் பாதையில் ஓர் உழவு இயந்திரம் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. நான் விழித்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. காற்றில் உப்பு வாசம் வந்தபோது பயமும் கூடவே வந்தது. இவ்வளவு அழகான இடத்திலிருந்து ஒருத்தியை எப்படிப் புறப்படச் சொல்வது?

கல்முனை றெஸ்ட் ஹவுஸில் தங்கினோம். காலையில் சந்தையில் திராட்சையும் மஸ்கட் இனிப்பும் வாங்கி நிந்தவூர் பஸ் ஏறினோம். சாய்ந்தமருது, காரைதீவு தாண்டி அரை மணி நேரம்கூட இல்லை. கொண்டக்டர் எங்கள் கூடையைப் பார்த்தார்.

"பொண்ணு கேட்டுப் போறீங்க போல. மாப்புள்ள எந்த ஊர்?"

"மாவனல்லை" என்றேன்.

"இனி நிந்தவூர் எண்டு செல்லுங்க" என்று சில்லறையைத் தந்துவிட்டுப் போனார். நாங்கள் சிரித்தோம்.

நபீஸாவின் வாப்பா வயல்காரர், அதிகம் கதைக்காதவர். தன் வீட்டு வளவிலேயே மகளுக்கென்று ஒரு வீடு கட்டி முடித்திருந்தார். சுண்ணாம்பு மணம் இன்னும் போகவில்லை. அந்த வீட்டு முன்னறையில்தான் எங்களை உட்காரவைத்தார். அப்போதாவது நான் நானாவின் கையைப் பிடித்திருக்க வேண்டும். அவர் சட்டைப் பையிலிருந்து, எனக்கு வெளிநாட்டில் ஒதுக்கியிருந்த மாடிவீட்டின் படத்தை எடுத்து நீட்டிவிட்டார்.

"கவர்மென்டால ஊடு குடுக்கிறாங்க. நீங்க ஒண்டும் யோசிக்க வாணாம்."

வாப்பா படத்தை வாங்கவில்லை. "அப்ப எங்கட புள்ளைக்கு ஊடு இல்லையெண்டு நினைச்சா வந்த நீங்க?" என்றார். குரல் உயரவே இல்லை. நானா படத்தைத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்தார். முற்றத்தில் காயப் போட்டிருந்த நெல்லைக் கோழி கிளறிக்கொண்டிருந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து நபீஸாவின் உம்மா கேட்டார். "லீவு தருவாங்களா, மகன்?"

"தருவாங்க. மூணு வருஷத்துக்கு ஒருக்கா."

"லீவுக்கு எங்க வந்து இரிப்பீங்க? உங்கட ஊருக்கா, இஞ்சையா?"

நானா என்னைப் பார்த்தார். மாவனல்லையில் எனக்காக அவர் ஒதுக்கி வைத்த காணித்துண்டு அவர் முகத்தில் தெரிந்தது.

"இஞ்சதான், மாமி" என்றேன்.

மாமி என்ற சொல் எப்படி வந்தது என்று தெரியாது. உள்ளே வளையல் சத்தம் கேட்டது. வாப்பா கூரையை நிமிர்ந்து பார்த்தார். "ஓம். ஊடு பூட்டிக் கிடக்கட்டும். துறப்பு புள்ளைக்கிட்ட இரிக்கட்டும்" என்றார். இந்தப் பக்கத்தில் சாவியைத் துறப்பு என்பார்கள். திரும்பும் வழி முழுக்க நானா என்னோடு பேசவில்லை. சம்மாந்துறை வயல் வந்தபோது மட்டும், "நல்ல ஊருதான்டா" என்றார்.

பிறகு எத்தனையோ நகரங்கள், கொடி பறக்கும் வாசல்கள். ஒவ்வொன்றையும் அடுத்தவருக்கு விட்டு வந்தோம். நபீஸாவின் கைப்பையில் அந்தத் துறப்பு மட்டும் எங்களோடு எல்லா ஊருக்கும் வந்தது. பின்னர் இந்தப் பாதையில் நிம்மதியாகப் போக முடியாத ஆண்டுகளும் வந்தன. அப்போது அவள் அதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினாள்.

நீங்கள் போவதென்றால் விடியற்காலை பஸ்ஸையே பிடியுங்கள், பகல் வெளிச்சத்தில் வயல்களைத் தவறவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை நண்பகலில் கடைகள் சாத்தியிருக்கும், ஜும்ஆ தொழுகை முடியும்வரை பொறுங்கள். நிந்தவூரில் இறங்கினால் எங்களிடம் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகலாம். ஓய்வு பெற்று இங்கேதான் இருக்கிறோம். என் பெயரையோ பதவியையோ சொல்லி வழி கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது. நபீஸா டீச்சர்ட ஊடு எங்க என்று கேளுங்கள். நான் அங்கே மாப்பிள்ளை.